பாதி ஓடுதளம் போதும்

நம் விமானத் தொழிற்சாலையின் ஏற்றுமதிப் பிரிவில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் அறையில் ஒரு பெரிய உலகப்படம் மாட்டி, அதில் சிவப்புக் குண்டூசி குத்தி வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் காலத்திலும் குத்தியிருந்தோம். ஊசி குத்திய நாடெல்லாம் நம் போர் விமானத்தை வாங்கப் போகும் நாடு. நான் அந்தப் பிரிவுக்கு வந்தபோது ஏழெட்டு ஊசிதான் இருந்தது. ஓய்வு பெற்றபோது கடலில்தான் மிச்ச இடம் இருந்தது. விமானம் ஒன்றுகூட விற்கவில்லை. ஊசி மட்டும் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது.

உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று மரியாதையாகக் கேட்டீர்கள். எஞ்சினைப் பற்றியும் இறக்கையைப் பற்றியும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதெல்லாம் எழுதி உங்களைத் தூங்க வைக்கப் போவதில்லை. திருத்தணிக்குப் பக்கத்தில் ஒரு காலை நேரத்தில் நான் கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு விழித்த கதையைச் சொல்கிறேன். எண்பதுகளின் ஆரம்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விமானம் என்று நான் சொல்வது அந்தச் சின்ன ஒற்றை எஞ்சின் போர் விமானத்தை. பிறக்கும்போது நிஜமாகவே நல்ல விமானம். குட்டி உடம்பு, துடுக்கான ஓட்டம். பழைய ஓடுதளமோ குட்டையான ஓடுதளமோ, எங்கே விட்டாலும் இறங்கும், ஏறும். நாலு ஆள் சேர்ந்தால் தள்ளிக்கொண்டு போய் மரத்தடியில் நிறுத்திவிடலாம். பெரிய விமானம் வாங்க வசதியில்லாத நாடுகளுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று மேலிடம் நினைத்தது. நினைத்ததில் தப்பில்லை. அதோடு விட்டிருக்கலாம்.

விடவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் மாதிரி ஒவ்வொரு நாட்டுக் குழுவாக வந்தது. ஒரு குழு, வானொலிக் கருவி பழசு என்றது. புதுசு வைத்தோம். இன்னொரு குழு, ஆபத்தில் விமானியை வெளியே தள்ளும் இருக்கை சரியில்லை என்றது. கனமாக ஒன்று வைத்தோம். மூன்றாவது குழு, இறக்கைக்கு அடியில் இன்னும் இரண்டு குண்டு தொங்கினால் யோசிக்கலாம் என்றது. தொங்கவிட ஏற்பாடு செய்தோம். குழுக்களெல்லாம் சாப்பிட்டுவிட்டு, சந்தன மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டு, ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டன. வைத்ததெல்லாம் விமானத்திலேயே தங்கிவிட்டது. இதற்குத்தான் மேம்பாடு என்று பெயர். உங்கள் நாளில் இதற்கு இன்னும் நல்ல பெயர் வைத்திருப்பீர்கள்.

எடை ஏறினால் இறங்கி நிற்க அதிக தூரம் வேண்டும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எங்கள் வழவழப்பான விளம்பரக் கையேட்டில், இறங்கத் தேவையான தூரம் என்ற இடத்தில், மேம்பாடு எதுவும் நடப்பதற்கு முந்தைய எண்ணே உட்கார்ந்திருந்தது. எங்கள் பிரிவின் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் பெயர் வேண்டாம். அவருடைய சொந்தக்காரர்கள் யாராவது உங்கள் மாடியிலேயே இருக்கக்கூடும்.

“சார், இது பழைய விமானத்தோட எண்.”

“விமானம் அதேதானேப்பா?”

“எடை கூடியிருக்கு சார்.”

“நீகூடத்தான் கல்யாணத்துக்கப்புறம் எடை போட்டிருக்கே. அதுக்காக ஆபீசுக்கு லேட்டாவா வர்றே?”

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். தலைவர் நகைச்சுவை சொன்னால் சிரிக்காமல் இருக்க எனக்கு அப்போது துணிச்சல் வரவில்லை. எண் அப்படியே அச்சாகியது.

அந்த வருடம் ஒரு வெளிநாட்டு விமானப்படை அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார், கையேட்டை மட்டும் ஓயாமல் படிப்பார். அதுவரை வந்த யாரும் படத்தைத் தாண்டிப் பார்த்ததில்லை. குட்டை ஓடுதளத்தில் இறங்கும் என்கிறீர்களே, அப்படி ஒரு இடத்தில் இறக்கிக் காட்டுங்கள் என்று அவர் கேட்டுவிட்டார்.

தலைவர் என்னைக் கூப்பிட்டார். “நீ திருத்தணிக்காரன்தானே? உங்க ஊர்ப்பக்கம் யுத்த காலத்து ரன்வே ஒண்ணு கிடக்குதாமே?”

கிடந்தது. கே.ஜி.கண்டிகைக்கு அந்தப் பக்கம், வெள்ளைக்காரன் அவசரத்துக்குப் போட்டுவிட்டு அவசரமாகவே மறந்துபோன ஓடுதளம். வேர்க்கடலை காயப்போடவும் மாடு படுக்கவும் ஊர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. போய் அளந்து பார்த்தேன். மேம்பாடடைந்த விமானம் இறங்கி நிற்க முழு நீளமும் வேண்டும், ஒரு ஓரம்கூட மிச்சமில்லை. ஆனால் நிற்கும். சரி என்று சொன்னேன். எடையைக் குறைப்பதற்காக, சென்னைப் பக்கத்து விமானத் தளத்திலிருந்து அரை வயிறு எண்ணெயோடு வந்து இறங்குவது என்றும், இங்கே பீப்பாயிலிருந்து கை பம்பால் எண்ணெய் அடித்துக்கொண்டு ஏறிப் போவது என்றும் தலைவர் முடிவு செய்தார். கை பம்பால் அடிப்பதையும் ஒரு சிறப்பம்சமாகக் காட்டலாமாம். மனிதர் எதையும் வீணாக்கமாட்டார்.

திங்கட்கிழமை முழுக்க ஆள் வைத்து முள்ளை வெட்டி, சாணியை அள்ளி, தண்ணீர் தெளித்துப் பெருக்கினோம். சுற்றுவட்டாரத்தில் தண்டோரா போட்டோம். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு ஏரோப்ளேன் இறங்கப் போகிறது, ஆடு மாடு ஓட்டிக்கொண்டு யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று. காவலுக்கு இரண்டு போலீஸ்காரர்கள். எல்லாம் பக்கா.

அன்று சாயங்காலம் பயணியர் விடுதியில் தலைவர் காபியோடு உட்கார்ந்திருந்தார். சுவரில் தினசரி காலண்டர். தற்செயலாக மறுநாள் தாளைத் தூக்கிப் பார்த்தவர், கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

“செவ்வாய்க்கிழமை எமகண்டம் ஒன்பதுலேர்ந்து பத்தரைய்யா! யாருய்யா ஒன்பதரைக்கு வெச்சது?”

வைத்தவர் அவர்தான். ஒலியின் வேகத்தை எட்டிப்பிடிக்கும் விமானம், எமகண்டத்தைத் தாண்ட வழியில்லாமல் எட்டு மணிக்கு மாற்றப்பட்டது. நான் சென்னைத் தளத்துக்குத் தகவல் சொன்னேன். ஊருக்கும் மறுபடி தண்டோரா போட்டுவிடலாம் சார் என்றேன். “போலீஸ் இருக்கில்லப்பா, போதும். நாலு தரம் நேரம் மாத்தினா ஊர்க்காரன் சிரிப்பான்” என்றார். ஊர்க்காரன் சிரிப்பதைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டவர், போலீஸ்காரர்களுக்கும் புது நேரத்தைச் சொல்லவில்லை. அது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

விடிந்ததும் தலைவர் மலைக்குப் போய்வந்தார். அர்ச்சனைத் தட்டில் தேங்காய் பழத்தோடு விளம்பரக் கையேட்டையும் வைத்தாராம். விமானத்தின் பெயருக்கு அர்ச்சனை. குருக்கள் நட்சத்திரம் கேட்டதும் தன் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டதாகக் காரோட்டி என்னிடம் சொன்னார். முருகன் குழம்பிப் போயிருக்க வேண்டும்.

எட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அதிகாரியையும் அழைத்துக்கொண்டு ஓடுதளத்துக்குப் போனோம். கிழக்குக் கோடியில் கூடாரமும் வயர்லெஸ் பெட்டியும் எண்ணெய்ப் பீப்பாயும் இருந்தன. போலீஸ்காரர்களைக் காணோம். இன்னும் நேரம் இருக்கிறதே என்று கண்டிகையில் டீ குடிக்கப் போயிருந்தார்கள். மேற்குக் கோடியைப் பார்த்தேன். அங்கிருந்து ஓடுதளத்துக்குள்ளே நெடுக, சிவப்பும் நீலமுமாக நூல் நூலாக ஓடியிருந்தது. பக்கத்தில் ஆணும் பெண்ணுமாக ஒரு தெருவே நின்றுகொண்டிருந்தது.

பாவு. நெய்வதற்கு முன்னால் நீளவாட்டு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பெரிய தூரிகையால் வாரி, காயவிட்டுத்தான் சுருட்டுவார்கள். காயும் முன்னே சுருட்டினால் இழையோடு இழை ஒட்டிக்கொண்டு பாவு பாழ். அந்தப் பக்கத்து நெசவாளர்கள் அதைத் தெருவில் செய்கிறவர்கள். எருமை வரும், சைக்கிள் வரும், பள்ளிப்பட்டு பஸ் வரும், ஒவ்வொரு தரமும் தூக்கிப் பிடித்து வழி விடவேண்டும்.

ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். வயர்லெஸ்ஸின் கைப்பெட்டி ஒன்று என் தோளில் தொங்கியது. தூரிகையோடு முன்னால் நின்ற அம்மாள் பெயர் நாகம்மா. அந்தத் தெருவில் அவர் சொல்தான் எடுபடும் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

“யாரும்மா உங்களை இங்க பாவு போடச் சொன்னது?”

“நீங்கதான சார் பெருக்கி, தண்ணி தெளிச்சி வெச்சீங்க?” என்றார் அவர். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். “ஆடு மாடு வராதுன்னு தண்டோரா போட்டாங்க. ஏரோப்ளேனு ஒன்பதரைக்குத்தான்னாங்க. இந்த மாதிரி எடம் எங்களுக்கு எப்ப சார் கெடைக்கும்? தெருவுல இருந்த அத்தினி பாவையும் தூக்கிகினு வந்துட்டோம். ஒன்பதுக்குள்ள சுருட்டிகினு பூடுவோம்.”

“எட்டு மணிக்கே வருதும்மா.”

“யாரு மாத்தனது?”

என்ன சொல்ல? எமகண்டம் மாற்றியது என்று சொன்னால் அந்த அம்மாள் புரிந்துகொண்டிருப்பார். நான் அதை விட்டுவிட்டு வேறு கேட்டேன்.

“காய எவ்ளோ நேரம் ஆவும்?”

“ஆங், வெயில் ஏறணும் இல்ல நைனா? அரை மணியாவது ஆவும்.” பிறகு அந்தக் கோடியில் நின்ற தன் மச்சானைப் பார்த்துக் கத்தினார். “பாவா, தொய்யுது பாரு, இழுத்துப் புடி!”

கிழக்கே சத்தம் கேட்டது. தோளில் தொங்கிய பெட்டியில் விமானியின் குரல். எங்கள் சோதனை விமானி, சென்னைக்காரர். வானத்தில் எது கெட்டாலும் கடைக்குப் போய்க் கொத்தமல்லி கேட்கிற குரலில்தான் பேசுவார். “வந்துட்டேன். இறங்கலாமா?”

“வட்டம் போடுங்க சார். தளத்துல ஆள் இருக்கு.”

“ரெண்டு வட்டம் போடறேன். அதுக்கு மேல போட்டா திரும்பிப் போக எண்ணெய் இருக்காது. அதுக்குள்ள சொல்லு.”

அதற்குள் தலைவரின் கார் வந்து நின்றது. கூடவே அதிகாரியும் இறங்கினார். தலைவர் நூலைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அறுத்துத் தள்ளிட்டு விரட்டுய்யா எல்லாரையும்!” என்று காரோட்டியிடம் கத்தினார். காரோட்டி, முந்தின நாள் முள் வெட்டிய அரிவாளை வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தார்.

நாகம்மா நகரவில்லை. “ஒண்ணு ரெண்டு இழை அறுந்தா முடி போட்டுக்குவோம் சார். மொத்தமா அறுத்தா ஆறு வூட்ல அடுப்பு எரியாது. இது கைலி சார், கப்பல்ல போற சரக்கு. நாளைக்கு நூல் குடுத்த மேஸ்திரி வந்து நின்னா நாங்க என்ன சொல்றது?”

தம்பிகளே, இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அந்த ஓடுதளத்தில் அன்று நிஜமாகவே ஏற்றுமதியாகிற பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை அறுக்கச் சொன்னது நாட்டின் ஏற்றுமதிப் பிரிவு.

முதல் வட்டம் முடிந்து விமானம் தலைக்கு மேல் போனது. பிள்ளைகள் கை காட்டினார்கள்.

அப்போதுதான் அந்த அதிகாரி அன்று முதல் முறையாக வாயைத் திறந்தார். கையேட்டைப் பிரித்து, விரலை ஒரு இடத்தில் வைத்துக்கொண்டு, மிக மரியாதையான ஆங்கிலத்தில் கேட்டார். எதற்காக இவர்களைத் தொந்தரவு செய்கிறீர்கள்? நூல் பாதி தளத்துக்குக்கூட வரவில்லை. உங்கள் கையேட்டின்படி இந்த விமானத்துக்குப் பாதி தளம் போதுமே. மிச்சப் பாதியில் இறக்கிவிடுங்களேன்.

தலைவரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முடியாது என்றால் கையேடு பொய். முடியும் என்றால் விமானம் கிழக்கிலிருந்து வந்து தரை தொட்டு, பாதியில் நிற்காமல், நூலையும் தாண்டி நாகம்மாவின் தெரு மேலேயே போகும். ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும், பேரம் படியப் போகிறது என்று நினைக்கும்போது வருவது.

“வொய் நாட்!” என்றார். என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். “மைக்கைக் கொடு.”

“சார், நிக்காது.”

“அரை எண்ணெயோடதானே வர்றான்? பிரேக்கை அழுத்திப் பிடிச்சா நிக்கும். கொடுய்யா.”

“ஆள் இருக்காங்க சார்.”

“சத்தம் கேட்டா தானா ஓடுவாங்க. கொடு!”

ஓடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கஞ்சி காயாத பாவை விட்டுவிட்டு அந்தத் தெருவில் யாரும் ஓடமாட்டார்கள், தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பஸ்ஸுக்கு அப்படித்தான் நின்று பழக்கம்.

எனக்குப் பயம்தான், வேறென்ன. வேலை போகும், ஊர் சிரிக்கும், மாமனார் ஒரு மாதிரி பார்ப்பார் என்று எல்லாம் ஒரே நேரத்தில் மனதில் ஓடியது. நெருக்கடியில் மூளை தெளிவாகிவிடும் என்று பயிற்சி வகுப்பில் சொல்வார்கள், நம்பாதீர்கள். எனக்குத் தெளிந்தது ஒன்றுதான், மைக் அப்போது என் கையில் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கும். பொத்தானை அழுத்தினேன்.

“சார், தளம் கிடைக்காது. திரும்பிப் போங்க.”

“சரி” என்றது பெட்டி. அவ்வளவுதான். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. இரண்டாவது வட்டத்தை முடிக்காமலே விமானம் கிழக்கே திரும்பியது. சத்தம் மெல்லத் தேய்ந்து போனது. பிறகுதான் மைக்கைத் தலைவரிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்திருந்தார்.

அதிகாரி என்னைப் பார்த்து, அப்படியானால் நிஜமாக எவ்வளவு தூரம் வேண்டும் என்று கேட்டார். முழுத் தளமும் வேண்டும் சார், கையேட்டில் இருப்பது பழைய விமானத்தின் கணக்கு என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

தலைவரைச் சாதாரணமாக எடைபோட்டுவிடாதீர்கள். அந்த இடத்திலும் மனிதர் சுதாரித்துக்கொண்டார். எங்கள் நாட்டில் ஏழை நெசவாளியின் ஒரு நூலுக்காக ஒரு போர் விமானமே திரும்பிப் போகும், இதுதான் எங்கள் பண்பாடு என்று கையை விரித்து ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அவருக்குப் பின்னால் காரோட்டி இன்னும் அரிவாளோடு நின்றுகொண்டிருந்தார்.

அதிகாரி பாவுக்குப் பக்கத்தில் போனார். குனிந்து பார்த்தார். இந்த மாதிரித் துணியை எங்கள் ஊர்ச் சந்தையில் விற்கிறார்களே, இங்கிருந்துதான் வருகிறதா என்று கேட்டார். திரும்பும் வழியில் பள்ளிப்பட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கைலிகள் வாங்கிக்கொண்டார். விமானம் வாங்க அவர் மறுபடி வரவேயில்லை. அவர் நாட்டில் குத்தியிருந்த குண்டூசியை மட்டும் யாரும் பிடுங்கவில்லை.

நான் கூடாரத்தைப் பிரிக்கப் பின்தங்கியிருந்தேன். வெயில் ஏறி, பாவெல்லாம் காய்ந்து, சுருட்டி முடித்துவிட்டு நாகம்மா வந்தார்.

“ஏரோப்ளேனு எங்க நைனா? புள்ளைங்க பாக்கணும்னு நின்னுகினு இருக்குது.”

“திரும்பிப் போயிடுச்சும்மா.”

“அய்யய்யோ, எங்களாலயா?”

“இல்லம்மா, எங்களாலதான்.”

அவருக்கு அது புரிந்ததா தெரியவில்லை. சொம்பில் மோர் கொடுத்தார். குடித்தேன். அன்று முழுவதும் நான் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

பிறகு நடந்ததை நீங்களே ஊகிப்பீர்கள். என்னை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே சில வருடம் திருகாணிகளோடு நிம்மதியாக இருந்தேன். திருகாணி யாரிடமும் மைக்கைக் கொடு என்று கை நீட்டாது. தலைவருக்குப் பதவி உயர்வு. கையேட்டின் அடுத்த பதிப்பில் காகிதம் இன்னும் தடிமனாகியது, எண் அப்படியே இருந்தது. உங்கள் மேசையில் இருக்கும் கையேட்டில் என்ன எண் போட்டிருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மறக்காமல் விமானத்தின் எடையையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. திருத்தணியிலிருந்து திரும்பிய மறுநாள் பெங்களூரில், நம் தொழிற்சாலைக் கான்டீனில் அந்த விமானியைப் பார்த்தேன். என் மாற்றல் உத்தரவு அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். நான் சும்மா இருக்காமல் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

“சார், பாதித் தளம் இருக்கு, இறங்குன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? திட்டிட்டுத் திரும்பிப் போயிருப்பீங்க இல்ல?”

“உங்க தலைவர் சொல்லியிருந்தா திரும்பித்தான் போயிருப்பேன். அவரை எனக்குத் தெரியாதா?” என்றார். டீயை ஆற்றினார். “ஆனா நீ சொல்லியிருந்தா இறங்கியிருப்பேன்.”

“பாதியில நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமே சார்.”

“பாதின்னு நீ சொன்னாத்தானே? இடம் இருக்கு, வாங்கன்னு சொல்லியிருந்தா? மேலேயிருந்து எனக்கு நூலா தெரியும்? நீ இருக்குன்னா இருக்கு, அவ்வளவுதான். நீதானே கீழ நிக்கறே?”

எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. டீயைக் குடிக்காமலே மேசையில் வைத்தேன். அவர் கவனிக்காத மாதிரி எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். மதியம் அவருக்கு இன்னொரு பறப்பு இருந்தது. கீழே மைக்கோடு நிற்கப் போவது யார் என்று விசாரித்துவிட்டுத்தான் போனார்.